நான்காவது ஆள்

பொங்கல் விழாவன்று பானை தூக்க நம் மன்றத்தில் ஆள் இருக்கிறது. பட்டிமன்ற நடுவரை அழைத்துவர இரயிலடிக்கு ஓட ஆள் இருக்கிறது. ஊரிலிருந்து திரும்புகிறவனின் முறுக்கு டப்பாவைக் காலி செய்வதற்கோ, கேட்கவே வேண்டாம். அழைக்காமலே பத்துப்பேர் வந்துவிடுவார்கள். ஆனால், நம்மில் ஒருவர் ஆபரேஷனுக்காக இந்தத் தில்லி மாநகரில் ஒரு மருத்துவமனைக்குப் போகும்போது, அவருடைய கட்டிலருகே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆள் உண்டா?

யாரையும் குறைகூறுவதற்காக இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. சென்ற ஆண்டு தனியாகப் போய்ப் படுத்தவன் நான். வரமாட்டேன் என்று எந்த நண்பரும் சொல்லவில்லை. நான்தான் எவரையும் கேட்கவில்லை. ஆகவே முதற்குற்றம் என்னுடையது. அந்தக் குற்றத்தை இனி எவரும் செய்யாதிருக்க வேண்டும், அதற்கு நம் மன்றம் வழி காணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு வந்தது குடலிறக்கம். ஊரில் எல்லாரும் ‘ஹெர்னியா’ என்றே சொல்வார்கள். வயிற்றுச் சுவரின் தசை ஓரிடத்தில் தளர்ந்து, உள்ளே அடங்கியிருக்க வேண்டிய குடல் அந்த வழியே புடைத்துக்கொண்டு வரும். மருந்து மாத்திரையால் தீராது. அறுவை சிகிச்சை செய்து அடைக்கத்தான் வேண்டும். உடனே உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், குடல் அங்கே சிக்கி இறுகிக்கொண்டால் நிலைமை அவசரமாகிவிடும். எனக்குப் புடைப்பு இருந்ததோ அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில். நோயைவிட, இடத்தைச் சொல்லும் கூச்சமே எனக்குப் பெரிதாக இருந்தது. எனவே அறைத்தோழனிடம் சொல்லவில்லை; ஊருக்கும் சொல்லவில்லை. “பரீட்சை நெருக்கம் அம்மா, இரண்டு நாள் பேசமுடியாது” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

முன்னேற்பாட்டில் நான் குறை வைத்ததாக நினைக்கவேயில்லை. இரண்டு வேட்டி, பல்துலக்கி, துண்டு, கைபேசிக்கு மின்னூட்டி, பழைய பரிசோதனைத் தாள்கள், பணம், படிக்க ஒரு நாவல் என்று எல்லாம் பையில் இருந்தன. பதிவு மேஜையில், “துணைக்கு யார்?” என்று கேட்டார்கள். “அண்ணன் வந்துகொண்டிருக்கிறார்” என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது.

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95-ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில், அதாவது 950-ஆம் குறளில், வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒருவன், நோய் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவதாக, உடனிருந்து பணிசெய்பவன். அவனுக்கு அவர் இடும் பெயர் ‘உழைச்செல்வான்’. பள்ளியில் இதை எழுதி மதிப்பெண் வாங்காதவர் நம்மில் இல்லை. வாங்கிய மதிப்பெண்ணோடு அந்த நான்காவது ஆளை நானும் மறந்துவிட்டேன். நான்கு காலுள்ள கட்டிலை மூன்று காலில் நிறுத்தப் பார்த்தேன். அது எப்படி ஆடிற்று என்பதை இனிச் சொல்கிறேன்.

முதல் ஆட்டம் காப்பியால் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின மாலையே சேர்த்துக்கொண்டார்கள். செவிலியர் ஒருவர் வந்து, நள்ளிரவுக்குப் பின் “காலி பேட்” என்று சொல்லிப்போனார். வெறும் வயிறு என்று பொருள். அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் தமிழன் வீட்டில் வெறும் வயிற்றில் குடிப்பதற்கென்றே ஒரு பானம் உண்டல்லவா? காப்பி குடித்ததைச் சாப்பிட்டதாக நம் வீட்டில் யார் கணக்கு வைக்கிறார்கள்? விடியற்காலை ஐந்து மணிக்குச் சிற்றுண்டிச்சாலைக்கு இறங்கிப்போய், பால் மணக்கும் காப்பி ஒன்றைக் குடித்துவிட்டு வந்து படுத்தேன். எட்டு மணிக்கு மயக்க மருந்து நிபுணர் வந்து, கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். “ஒன்றுமில்லை, காப்பி மட்டுந்தான்” என்றேன் பெருமையாக. அன்றைய ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

அவர் செய்தது சரி. மயக்க நிலையில் இருமலும் விழுங்குதலும் ஆகிய காவல்கள் உறங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து வந்தால், மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பிள்ளைப்பேற்றின்போது மயக்க மருந்து பெற்ற தாய்மாரிடம் நேர்ந்த இந்த ஆபத்தை, 1946-இல் நியூயார்க் நகர மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டெல்சன் ஆராய்ந்து எழுதினார். பொதுவாக இன்று கடைப்பிடிக்கும் அளவு இது: இலேசான சிற்றுண்டிக்குப் பின் 6 மணி நேரம், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவென்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ, தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். பால் கலந்தது எதுவும் தெளிந்த நீர் ஆகாது. அதற்கும் 6 மணி நேரக் கணக்குத்தான். ஆளுக்கும் நோய்க்கும் ஏற்ப மருத்துவர் வேறு அளவு சொன்னால், அவர் சொன்னதே சட்டம். “தண்ணீர் குடிக்கலாமா? எத்தனை மணி வரை? காப்பி, தேநீர்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால், என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கியிருப்பார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஒருநாள் வாடகை கூடுதலாகப் போயிற்று. காப்பி குடித்ததை நான் மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ண இப்போதும் உடல் நடுங்குகிறது.

இரண்டாவது ஆட்டம் பெயரால் வந்தது. நமக்கெல்லாம் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். இந்த ஊர்ப் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும். நாமும் தலைப்பெழுத்தை விரித்து ஏதோ ஒரு கட்டத்தில் அடைத்துவிடுவோம். விளைவு என்ன? மறுநாள் காலையில் வார்டு முழுவதும் என் தந்தையாரின் பெயர் முழங்கிற்று. பையன் ஆபரேஷனுக்குக் காத்திருப்பதை அறியாமல் அவர் ஊரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். நானோ வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று சும்மா படுத்திருந்தேன். மூன்றாம் முறை அழைத்தபோதுதான் அந்தப் பெயருக்குரியவன் நானே என்பது உறைத்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற செய்தி அன்று. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதன் முதல் அம்சம் நோயாளியைப் பற்றியது: அவர் தம் பெயரையும், எந்த இடத்தில் என்ன சிகிச்சை என்பதையும், தம் சம்மதத்தையும் உறுதிசெய்தாரா? எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்தார்கள். நம் புதுதில்லி அவற்றுள் ஒன்று. 2009-இல் வெளிவந்த முடிவின்படி, நோயாளிகளில் இறந்தோர் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், பெருந்தொல்லைகளுக்கு ஆளானோர் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தனர். புதிய மருந்து ஒன்றும் இல்லை. புதிய கருவி ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆகவே, “இதை எத்தனை தடவை கேட்பீர்கள்?” என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவையும் விடை சொல்லுங்கள். ஆதார் அட்டை, கல்லூரி அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பாருங்கள். கையில் கட்டும் பட்டையில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். இந்தியில் வலப்பக்கம் ‘தாயா(ங்)’, இடப்பக்கம் ‘பாயா(ங்)’. முதலெழுத்தின் ஒலி ஒன்றுதான் வேறு. நம் நாவில் அது எப்படிப் புரளுமோ யார் கண்டது! வாயால் சொல்வதோடு, கையை அந்த இடத்தில் வைத்தும் காட்டுங்கள். பேனாவால் அடையாளம் இடும்போது விழித்திருந்து பாருங்கள். பிற சொற்களிலும் சிலவற்றையாவது நாவில் ஏற்றிக்கொள்வது நல்லது: ‘தர்த்’ என்றால் வலி, ‘ஜலன்’ என்றால் எரிச்சல், ‘சக்கர்’ என்றால் தலைசுற்றல், ‘உல்டி’ என்றால் வாந்தி, ‘சூஜன்’ என்றால் வீக்கம். நம் தாய்மொழியில் வலிதான் எத்தனை வகை! குத்துகிறது, கடுக்கிறது, பிசைகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று நாம் சொல்லும் வேறுபாடுகளையெல்லாம் இரவல் மொழியின் ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியுமா? எனக்கு வாய்த்த இரவுச் செவிலியர் மலையாளச் சகோதரி. இந்த ஊர் மருத்துவமனைகளில் அவர்களைக் காண்பது அரிதன்று. என் தமிழும் அவர் மலையாளமும் எப்படியோ கைகுலுக்கிக்கொண்டன. ஆனால் அவர் பணிநேரம் முடிந்ததும் நான் மீண்டும் ஊமையானேன். இந்தி நன்கறிந்த ஒரு நண்பர் உடனிருந்தால் இந்த ஊமைத்தனம் வேண்டியதில்லை.

மருத்துவரிடம் மறைப்பது அடுத்த பெரும்பிழை. நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள், ஊரிலிருந்து வந்த சித்த மருந்துப் பொடி, சிறு வயதில் வந்த இழுப்பு, ஒவ்வாத மருந்து, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை என எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும், நாமாக நிறுத்தக்கூடாது. புகைபிடிப்பவர் அதையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்னதாகவே விட்டுவிட்டால் பின்வரும் தொல்லைகள் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துரைத்தது. மாணவியரிடம் மாதவிலக்கைப் பற்றியும் கருத்தரித்திருக்கக் கூடுமா என்பதைப் பற்றியும் கேட்பார்கள். அது வழக்கமாகக் கேட்கும் மருத்துவக் கேள்வி. நடத்தையைப் பற்றிய விசாரணை அன்று. இந்தக் கேள்விகள் நடக்கும்போது துணைக்கு வந்தவர் தாமாக எழுந்து வெளியே போய்விட வேண்டும். உடனிருப்பது எவ்வளவு பெரிய உதவியோ, விலகியிருக்கத் தெரிவதும் அவ்வளவு பெரிய உதவி.

சிறியவை போலத் தோன்றும் சிலவும் உண்டு. நகப்பூச்சை அழித்துவிட்டுப் போகவேண்டும். இரத்தத்தில் உயிர்வளியின் அளவைப் பார்க்கும் கருவியை விரலில்தான் மாட்டுவார்கள். நகைகளையும் கண்ணுக்குள் அணியும் ஆடிகளையும் கழற்றிவிட வேண்டும். அறுக்கவேண்டிய இடத்தில் நாமே சவரக்கத்தி வைக்கக்கூடாது. கத்தி விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகும். முடியை அகற்ற வேண்டுமானால் அதற்குரிய கருவியால் கத்தரித்துக்கொள்வது மருத்துவமனையாரின் வேலை. நான் முந்தின நாளே மழித்துக்கொண்டு போய் வசவு வாங்கினேன்.

இனிக் கையெழுத்து. சம்மதப் பத்திரத்தை நீட்டுவார்கள். இரயில்வே முன்பதிவுத் தாளைப்போல அதைப் படிக்காமல் கையெழுத்திட்டு நீட்டிவிட்டேன். 2008 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சோதனைக்கென மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிர் காக்கும் அவசரம் அங்கே இல்லை. வயதுவந்து, தம் முடிவைத் தாமே எடுக்க வல்ல நோயாளியின் சம்மதம் வேறு, தாயின் சம்மதம் வேறு என்றும், ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது என்றும் நீதிமன்றம் தீர்த்தது. பெற்ற தாயின் கையெழுத்தே போதாது என்றால், நம் உடலைப் பற்றிய முடிவு எவ்வளவு நம்முடையது என்பது விளங்கும். 18 வயது நிரம்பிய நாம் ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும்: என்ன செய்யப்போகிறீர்கள்? ஏன்? வேறு வழி உண்டா? தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? என்னென்ன ஆபத்து நேரலாம்? எத்தனை நாள், எவ்வளவு செலவு? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பதில் வெட்கம் என்ன? விடைகளைத் துணைவர் குறித்துக்கொள்ளட்டும். பயந்திருப்பவன் காதில் பாதிதான் ஏறும்.

செலவு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பல்கலைக்கழகக் காப்பீடு உண்டா, அதில் எது அடங்கும் என்று முன்பே விசாரியுங்கள். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கு வழி இருக்கிறது. குடும்ப அட்டை ஊரில் அலமாரியில் இருக்க, பிள்ளை இங்கே கடன் வாங்கிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ஆனால் அந்த அட்டையை அனுப்பச் சொல்ல வேண்டுமானால், முதலில் வீட்டுக்குச் செய்தி சொல்லியாக வேண்டும்!

வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்பதற்கு நாம் காட்டும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: “அம்மா பயந்துவிடுவார்கள்.” நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களைக் கலங்கடிப்பானேன் என்ற எண்ணம் அன்பிலிருந்து பிறப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் என் கூச்சமும் என் வீம்பும் ஒளிந்திருந்தன. அம்மா பயப்படாமலும் இருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த மாலை, மயக்கம் முழுதும் தெளியுமுன் நானே வீட்டுக்குப் பேசினேனாம். என்ன பேசினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. குரலைக் கேட்டதுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. முன்பே பகலில், அமைதியாக, “இன்ன நோய், இன்ன நாள், இன்னார் என்னோடு இருக்கிறார்” என்று சொல்லியிருந்தால் ஒரு பங்கு பயத்தோடு போயிருக்கும். மறைத்ததால் அது நூறு பங்கு ஆயிற்று.

அன்றிரவே அப்பா சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினார். இரண்டு இரவும் ஒரு பகலும் கடந்து வந்து சேர்ந்தபோது, நான் விடுதி அறைக்குத் திரும்பியிருந்தேன். துணைக்கு ஆள் வந்தால்தான் அனுப்புவோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டதால், அறைத்தோழனை அழைக்க வேண்டியதாயிற்று. திட்டிக்கொண்டே வந்து கூட்டிப்போனான். அப்பா திட்டுவார் என்று நானும் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிறிது நேரம் என் காலைப் பிடித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்:

“பக்கத்துல யாருப்பா இருந்தா?”

என்னிடம் விடை இல்லாமற் போகவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு பையன். அவன் தாய் பீகாரிலிருந்து வந்தவர். மயக்கம் தெளியும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையசைத்து யாரையாவது அழைக்கவும் தெம்பில்லை. அந்த அம்மாள் தம் பையனை விட்டெழுந்து வந்து, கிண்ணத்தை ஏந்திப் பிடித்து, தலையைத் தாங்கிக்கொண்டார். “பேட்டா, பேட்டா” என்றார். அவருக்கும் எனக்கும் பொதுவாகப் பத்துச் சொல் இருந்தால் அதிகம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரே அன்று என் நான்காவது ஆள். ஆனால் அதைத் தந்தையிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. நூற்றுக்கணக்கான தமிழ் மாணவர் இருக்கும் ஊரில், தம் மகனுக்குக் கிண்ணம் பிடிக்க முன்பின் அறியாத தாய் ஒருத்திதான் இருந்தாள் என்று எப்படிச் சொல்வது?

நண்பர்களே! உடனிருப்பவர் வெறும் அலங்காரம் அல்லர். ஆபரேஷன் முடிந்தபின் மருத்துவர் சொல்லும் சொற்களைக் கேட்கும் காது அவருடையது. பொது மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான தாள்களில் கையெழுத்திடக்கூடாது, தனியே இருக்கவும் கூடாது என்பார்கள். மருத்துவர் சொன்ன நேரத்தில் எழுந்து நாலடி நடந்தால்தான் காலின் இரத்தக்குழாயில் உறைவு ஏற்படாதிருக்கும். வலிக்கு அஞ்சிப் படுத்தே கிடப்பவனை எழுப்பி நடத்த ஒரு தோள் வேண்டும். விடுதிக்கு வந்தபின் காய்ச்சல் வந்தாலோ, புண் சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, “போகப்போகச் சரியாகிவிடும்” என்று சோம்பாமல் திரும்ப அழைத்துப்போக ஒருவர் வேண்டும்.

இரத்தமும் அப்படித்தான். சில ஆபரேஷன்களுக்கு இரத்தம் தயாராக வைத்திருக்கச் சொல்வார்கள். உறவினர் எங்கே என்று கேட்பார்கள். உறவினர் எல்லாம் விந்தியத்துக்கு அப்பால். அந்த நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்கும் தரகனிடம் போகக்கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி, 1998 ஜனவரி 1 முதல் விலைக்கு இரத்தம் கொடுப்பது இந்நாட்டில் தடுக்கப்பட்டுள்ளது. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கொரு முறை, பெண்கள் 120 நாளுக்கொரு முறை. இந்தத் தகுதி நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

ஆகவே நம் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். அதில், முன்வரும் மாணவ மாணவியரின் பெயர், அறை எண், இரத்த வகை, தெரிந்த மொழிகள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார் என்றால், அவர் விரும்பினால், முறைவைத்து ஆள் அனுப்புங்கள். இரண்டு நாள் என்றால் 48 மணி நேரம். ஆளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் ஆறு பேர் போதும். ஆறு பேர் கிடைக்காத மன்றம் அறுபது பேரை வைத்து விழா நடத்தி என்ன பயன்? மாணவியர்க்கு மாணவியரே துணை போகட்டும். என்ன நோய் என்பது கட்டிலருகே உட்கார்ந்தவர் வாயிலிருந்து வெளியே வரக்கூடாது. இது முதல் விதியாக இருக்கட்டும். என்னைப்போல் கூச்சப்படுகிறவர்கள் அந்த ஒரு விதியை நம்பித்தான் வாய் திறப்பார்கள்.

“மன்றம் தமிழ் வளர்க்கவா, ஆஸ்பத்திரி வேலை பார்க்கவா?” என்று சிலர் கேட்கலாம். தமிழ் என்பது மேடையில் மட்டும் இருக்கிறதா? வலிக்கிற நேரத்தில் வாய் தானாக அழைப்பது எந்த மொழியில்? அந்த நேரத்தில் அந்த மொழியைப் புரிந்துகொள்ள ஒருவர் அருகில் இருப்பதைக் காட்டிலும் தமிழ்ப்பணி வேறு என்ன? “படிப்புக் கெடும்” என்று வேறு சிலர் சொல்லலாம். மருத்துவமனை முக்காலியில் உட்கார்ந்தும் படிக்கலாம். நோயாளி உறங்கும் நேரமே அதிகம். “கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோமே, போதாதா?” என்பார் சிலர். மாலையில் பத்துப்பேர் சூழ்ந்து நின்று ஆரஞ்சுப் பழத்தை உரித்து நாமே தின்றுவிட்டு வருவது துணையாகாது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் துணை.

இன்னும் ஒரு சொல். குறிப்பேட்டில் ‘தமிழருக்கு மட்டும்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் விடுதியில் மணிப்பூர் மாணவர் இருக்கிறார், ஒடிசா மாணவர் இருக்கிறார். அவர்களுக்கும் ஊர் தொலைவுதான். எனக்குக் கிண்ணம் பிடித்த அம்மாள் என் ஊர் கேட்டுவிட்டா பிடித்தார்? அவருக்கு நான் பட்ட கடனை அவரிடமே தீர்க்க வழியில்லை. வேறு யாருடைய கட்டிலருகிலாவது உட்கார்ந்துதான் தீர்க்கவேண்டும்.

உங்களில் யாருக்கேனும் அடுத்த மாதமே ஆபரேஷன் நாள் குறித்திருக்கலாம். பை கட்டுங்கள், தாள்களை அடுக்குங்கள், கேள்விகளை எழுதுங்கள். எல்லாம் தேவைதான். ஆனால் அதற்கு முன், இன்று மாலையே ஒரு நண்பரிடம் போய், “எனக்கு இப்படி, நீ கூட வருவாயா?” என்று கேளுங்கள். பிறகு வீட்டுக்குப் பேசுங்கள். “பக்கத்துல யாருப்பா இருப்பா?” என்று உங்கள் தந்தை கேட்பார். சொல்வதற்கு ஒரு பெயரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.